பினாங்கில் மணவழக்கும் முறையீட்டுப் படிவமும்

வழக்கு என்னும் தமிழ்ச்சொல் மக்களிடையே நிலவும் வழக்கத்தையும் குறிக்கும். மன்றம் ஏறும் பிணக்கையும் குறிக்கும். பினாங்கில் வாழ்ந்த தமிழரின் மணவாழ்வில் இவ்விரண்டும் நெடுங்காலம் ஒன்றோடொன்று இணையாதிருந்தன.

1786இல் பிரான்சிஸ் லைட் அத்தீவில் ஆங்கிலக் குடியேற்றத்தை நிறுவினார். தொடக்கத்தில் அந்தந்த இனத்தாரின் சிறு பிணக்குகளைக் கப்பித்தான் எனப்பெற்ற தலைவர்களே தீர்த்தனர். 1807 மார்ச் 25ஆம் நாளைய நீதிச் சாசனம் அங்கு ஆங்கில முறை நீதிமன்றத்தைத் தோற்றுவித்தது. குடிகளின் சமயமும் பழக்கவழக்கமும் இடந்தருமளவிற்கு அவற்றைப் போற்றுமாறும் அது பணித்தது. ஆயினும் மன்றத்தின் மொழி ஆங்கிலம். அதனை அறியாதார் தம் குறையைப் பிறர் கையால் எழுதுவித்தனர். எழுதுவோர் விடுத்த செய்தி மன்றம் ஏறவில்லை.

இந்துக்கள் வழக்கப்படி செய்துகொண்ட மணத்தை மன்றம் ஏற்றது. ஆனால் 1952ஆம் ஆண்டின் மணவிலக்குச் சட்டம் ஒருதார மணத்திற்கே உரியது. பலதாரத்திற்கு இடந்தந்த வழக்கமணம் அதனுள் அடங்கவில்லை. கைவிடப்பட்ட மனைவி 1950ஆம் ஆண்டுச் சட்டப்படி தனக்கும் பிள்ளைகளுக்கும் ஜீவனாம்சம் கோரலாம். மணவிலக்குக் கோர இயலாது.

இந்நிலையை மாற்றியது 1976ஆம் ஆண்டின் திருமண, மணவிலக்குச் சட்டம். 1982 மார்ச் 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்த அச்சட்டம், முஸ்லிம் அல்லாதார்க்கு ஒருதார மணத்தையும் பதிவையும் விதித்தது. முன்னர் வழக்கப்படி நடந்த மணங்களும் பதிவானவையாகவே கொள்ளப்பட்டன.

இதனையொட்டி எழுந்த 1980ஆம் ஆண்டு விதிகள் முறையீட்டுக்குப் பொதுவான படிவங்களை வகுத்தன. மணம் நடந்த நாளும் இடமும், பிள்ளைகளின் பெயரும் வயதும், முந்தைய வழக்குகள், மணமுறிவின் காரணம், வேண்டும் தீர்ப்பு ஆகியவை அவற்றில் நிரலே கேட்கப்பெறும். பழைய மனுவில் மறந்து விடுபடக்கூடியதைப் படிவமே நினைவூட்டுகிறது. இருவரும் இசைந்தால் கூட்டு மனு செய்யலாம்; ஒருவர் மட்டும் வேண்டின் முதலில் இணக்கக் குழுவை நாடல் வேண்டும். கணவன் கைவிட்டுச் சென்று இருக்குமிடம் தெரியாதவளுக்கு இவ்விதியில் விலக்கு உண்டு.

இவ்விலக்கை அறியாத பெண் வீணே அலைவாள். வழக்குரைஞரை அமர்த்தப் பொருளில்லாதார்க்கு 1971ஆம் ஆண்டின் சட்ட உதவிச் சட்டம் துணைசெய்கிறது. எனினும் படிவத்தின் சொற்கள் விளங்காதபோது, அதுவும் பிறர் கையெழுத்தே ஆகிறது. பொருளை அவள் மொழியில் எடுத்துரைப்பார் ஒருவர் அருகிருப்பின், அம்முறையீடு அவளுடையதாகும்.