கல்லும் கதையும்: மறைசாட்சியர் மரபு குறித்து

தருமபுரி மாவட்டத்தின் ஏரிக்கரைகளிலும் கொல்லைகளிலும் நிற்கும் நடுகற்கள் தமிழக வரலாற்றின் அரிய கருவூலங்கள். வட்டெழுத்தில் அமைந்த அவற்றின் வாசகம் மிகச் சுருக்கமானது. மன்னனின் ஆட்சியாண்டு, ஊர், வீரனின் பெயர், தொறு மீட்டுப் பட்ட செய்தி, அவ்வளவே. காலப்போக்கில் எழுத்து மறந்தது, பெயரும் மறைந்தது. வழிபாடோ நிற்கவில்லை. பெயரறியா வீரர் பலர் இன்று வேடியப்பனாகப் பூசை பெறுகின்றனர். சான்று சுருங்க, கதை பெருகும் இவ்வியல்பு இம்மண்ணுக்கு மட்டும் உரியதன்று. தொடக்ககாலக் கிறித்தவ மறைசாட்சியர் வரலாறும் இவ்வழியில் வளர்ந்ததேயாகும்.

சிமிர்னா நகர ஆயர் பொலிகார்ப்பு கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் கொல்லப்பட்டார். அடியார்கள் அவர்தம் எலும்புகளைத் திரட்டி அடக்கம் செய்தனர். அவர் இறந்த நாளையே பிறந்தநாளாகக் கொண்டாட எண்ணினர். அச்சபையார் வரைந்த மடல் இதனைத் தெரிவிக்கிறது. கல்லறை, நினைவுநாள், ஆண்டுவிழா ஆகிய மூன்றுமே புனிதர் வழிபாட்டின் வித்துக்கள்.

வித்து மரமான விதத்திற்குப் புனித செபஸ்தியார் தக்க சான்றாவார். கி.பி. 354ஆம் ஆண்டின் உரோமைப் பட்டியல் ஒன்று அவர் நினைவுநாளான சனவரி 20ஐயும் அடக்கவிடத்தையும் மட்டுமே குறிக்கிறது. அவர் மிலான் நகரத்தார் என்பது அதே நூற்றாண்டினரான அம்புரோசியார் தரும் செய்தி. ஐந்தாம் நூற்றாண்டில் எழுந்த வரலாறோ விரிவானது. அவர் அரசப்படைத் தலைவர் என்பதும், அம்பு தைத்தும் இறவாமல் இரேனே என்னும் பெண்மணியின் பேணுதலால் பிழைத்தார் என்பதும், பின்னர்த் தடியால் அடித்துக் கொல்லப்பட்டார் என்பதும் அதில் வருவனவே. உரோமையிலுள்ள ஏழாம் நூற்றாண்டுக் கல்பதி ஓவியமொன்றில் அவர் தாடி வைத்த முதியவராகவே நிற்கிறார். உடலில் அம்பு இல்லை. அம்பு தைத்த இளைஞர் உருவம் பிற்கால ஓவியர் பரப்பியது. கி.பி. 680இல் இத்தாலியைக் கொள்ளைநோய் வாட்டியபோது மக்கள் அவரை நாடினர். நோயை வானிலிருந்து பாயும் அம்பாகக் கருதிய பழைய நம்பிக்கையும் அதனோடு இணைந்தது. தமிழகச் சிற்றூர்களிலும் அவர் கொள்ளைநோய் தீர்க்கும் காவலராகவே போற்றப்படுகிறார்.

தமிழ் மண்ணிலேயே இவ்விரு இழைகளையும் அருகருகே காணலாம். 1693 பிப்ரவரி 4ஆம் நாள் ஓரியூரில் தலை வெட்டப்பட்ட அருளானந்தர் சிறையிலிருந்து எழுதிய மடல்கள் வரலாற்றுச் சான்றுகள். அவர் குருதி பட்டே அம்மணல் சிவந்தது என்பது மக்கள் மரபு. மடல் அவருடைய மனவுறுதியைக் காட்டுகிறது; மணல் அவர்பால் மக்கள் கொண்ட அன்பைக் காட்டுகிறது.

இவ்வேறுபாட்டை ஆய்ந்தறியும் பணியை இயேசு சபையைச் சார்ந்த பொல்லாந்தியர் 1643 முதல் தொகுதி தொகுதியாக வெளியிட்டனர். அவ்வழியில் வந்த தெலெயே, புனைகதையைப் பொய்யென்று ஒதுக்காமல், அது பிறந்த மக்கள் மனத்தை ஆராய்ந்தார். ஆய்வு முடிவு வழிபாட்டை அழித்ததுமில்லை. 1969இல் கிறிஸ்தோபரின் திருநாள் உரோமைப் பொது நாட்காட்டியினின்று நீக்கப்பட்டது. அவர்பால் பக்தி இன்றும் தொடர்கிறது.

தருமபுரி நடுகற்கள் உணர்த்தும் பாடமும் இதுவே. எண்ணெயும் மஞ்சளும் படிந்த கல்லில் எழுத்து மங்குமுன் அதனைப் படித்துப் பதிவு செய்தல் வேண்டும். எழுத்து அழிந்தால் மாண்டவன் மறைவான். கதை அழிந்தால் அவனை மறவாத மக்கள் மறைவர். இரண்டையும் காப்பதே வரலாற்றுணர்வு.