திரைக்கு முன்பே எழுதப்படும் தீர்ப்பு: பேட்மேன் படங்களும் ரசிகர் எதிர்பார்ப்பும் (1966–2023)

காமிக்ஸ் நாயகன் ஒருவன் திரைக்கு வரப்போகிறான் என்றால், படம் வெளியாவதற்குப் பல மாதங்கள் முன்பே ரசிகர்கள் அதற்குத் தீர்ப்பு எழுதத் தொடங்கிவிடுகிறார்கள். நடிகர் தேர்வு, உடையின் நிறம், முதல் புகைப்படம், முன்னோட்டம் என ஒவ்வொன்றும் அலசப்படுகிறது. இந்தப் பழக்கம் இணையத்தோடு வந்ததாகப் பலரும் கருதுகிறார்கள். ஆனால் அமெரிக்காவின் டிசி காமிக்ஸ் நிறுவனத்துப் பாத்திரமான பேட்மேனின் திரை வரலாற்றில் இதன் வேர்கள் 1960களிலேயே தென்படுகின்றன. அந்த வரலாற்றை வரிசையாகப் பார்த்தால் இரண்டு செய்திகள் தெளிவாகின்றன. ரசிகர்களின் அச்சமும் ஆவலும் பெரும்பாலும் வரவிருக்கும் படத்தைப் பற்றியவை அல்ல, அதற்கு முன் வந்ததைப் பற்றியவை. தொடக்கத்தில் அந்த அச்சத்தைக் கண்டு திகைத்த தயாரிப்பு நிறுவனம், பின்னர் அதையே விளம்பரத்தின் மூலப்பொருளாக மாற்றிக்கொண்டது.

ரசிகர் கூட்டம் உருவான விதம்

பாப் கேன், பில் ஃபிங்கர் இருவரின் படைப்பான பேட்மேன், 1939 மே மாத இதழான ‘டிடெக்டிவ் காமிக்ஸ்’ 27இல் அறிமுகமானான். 1943இலும் 1949இலும் கொலம்பியா நிறுவனம் அவனை வைத்து 15 பாகங்கள் கொண்ட தொடர்படங்களை எடுத்தது. சிறுவர்கள் வாராவாரம் அரங்குக்குப் போய் அவற்றைப் பார்த்தார்கள். கதை மூலத்துக்கு உண்மையாக இருக்கிறதா என்று கேட்கும் ஒருங்கிணைந்த ரசிகர் கூட்டம் அப்போது இல்லை.

அந்தக் கூட்டம் உருவானது 1960களில். டிசி பதிப்பாசிரியர் ஜூலியஸ் ஷ்வார்ட்ஸ், வாசகர் கடிதங்களை எழுதியவரின் முழு முகவரியோடு வெளியிட்டார். முகவரி கிடைத்ததும் வாசகர்கள் ஆசிரியரை விட்டுவிட்டுத் தங்களுக்குள் எழுதிக்கொள்ளத் தொடங்கினார்கள். 1964இல் பில்ஜோ வைட் என்ற ரசிகர் ‘பேட்மேனியா’ என்ற ரசிகர் இதழைத் தொடங்கினார். அதே ஆண்டு நியூயார்க்கில் காமிக்ஸ் ரசிகர் மாநாடு கூடியது. 1970இல் சான் டியேகோ மாநாடு தொடங்கியது. 1970களில் காமிக்ஸுக்கென்றே தனிக் கடைகள் பெருகின. பெட்டிக்கடையில் கண்ணில் பட்டதை வாங்கும் சிறுவனின் இடத்தை, மாதந்தோறும் இதழைத் தேடி வரும் வளர்ந்த வாசகர் பிடித்தார். படங்களைப் பற்றிப் பின்னாளில் குரல் எழுப்பியவர்கள் இவர்களே.

1966 விட்டுச்சென்ற நினைவு

1966 ஜனவரி 12 அன்று ஏபிசி தொலைக்காட்சியில் ஆடம் வெஸ்ட் நடித்த ‘பேட்மேன்’ தொடர் தொடங்கியது. 1968 மார்ச் வரை 120 பகுதிகள் ஒளிபரப்பாயின. பளிச்சிடும் நிறங்கள், சாய்ந்த கேமரா கோணங்கள், சண்டையில் ஒவ்வொரு குத்துக்கும் திரையில் பெரிய எழுத்தில் தோன்றும் ஒலிச்சொற்கள் எனத் தொடர் முழுவதும் கேலிச்சுவையில் நடந்தது. பொதுமக்கள் கொண்டாடினார்கள். அதே 1966இல் இதே நடிகர்களைக் கொண்டு திரைப்படமும் வந்தது.

தீவிர வாசகர் பலருக்கு இது தங்கள் நாயகனைக் கோமாளியாக்கிய செயலாகப் பட்டது. தொடர் முடிந்தபின் எழுத்தாளர் டென்னிஸ் ஓ’நீலும் ஓவியர் நீல் ஆடம்ஸும் பேட்மேனை மீண்டும் இரவில் அலையும் துப்பறிவாளனாக்கினார்கள். 1986இல் ஃபிராங்க் மில்லரின் ‘த டார்க் நைட் ரிட்டர்ன்ஸ்’, 1988இல் ஆலன் மூர் எழுதிய ‘த கில்லிங் ஜோக்’ ஆகியவை அந்த இருளை மேலும் அடர்த்தியாக்கின. இதனால் 1980களின் இறுதியில் இரண்டு பேட்மேன்கள் அருகருகே வாழ்ந்தார்கள். பொதுமக்களின் நினைவில் இருந்தவன் சிரிப்பு மூட்டுபவன். காமிக்ஸ் கடைக்கு வருபவரின் கையில் இருந்தவன் கடுமையானவன். லின் ஸ்பிகலும் ஹென்றி ஜென்கின்ஸும் 1991இல் வெளியான ஆய்வில் காட்டியதுபோல, பழைய தொடரைப் பலர் தங்கள் குழந்தைப் பருவத்தோடு சேர்த்து அன்போடு நினைவுகூர்ந்தார்கள். அந்த அன்பே தீவிர ரசிகரின் கவலைக்குக் காரணமாயிற்று.

தயாரிப்பாளர் மைக்கேல் யூஸ்லன் அத்தகைய ரசிகர். இளம் வயதில் தொடரைப் பார்த்து மனம் நொந்த அவர், உலகம் பேட்மேனைப் பார்த்துச் சிரிப்பதை மாற்றவேண்டும் என்ற எண்ணத்தோடு, பெஞ்சமின் மெல்னிக்கருடன் சேர்ந்து 1979 அக்டோபரில் படமாக்கும் உரிமையை வாங்கினார். 1978இல் ‘சூப்பர்மேன்’ பெருவெற்றி பெற்றிருந்தும், இருண்ட பேட்மேன் படத்துக்குப் பணம் போட நிறுவனங்கள் தயங்கின. படம் திரைக்கு வரப் பத்தாண்டுகள் பிடித்தன.

1988: எதிர்ப்புக் கடிதங்கள்

படத்தைத் தயாரிக்க முன்வந்த வார்னர் பிரதர்ஸ் நிறுவனம் டிம் பர்ட்டனை இயக்குநராக அமர்த்தியது. 1988இல் பேட்மேனாக மைக்கேல் கீட்டன் அறிவிக்கப்பட்டதும் புயல் கிளம்பியது. அகன்ற தாடையும் முறுக்கேறிய உடலும் கொண்ட நாயகனை எதிர்பார்த்தவர்களுக்கு, ‘மிஸ்டர் மாம்’, ‘பீட்டில்ஜூஸ்’ படங்களின் நகைச்சுவை நடிகர் கிடைத்தார். நகைச்சுவை நடிகர் என்றாலே 1966 திரும்பி வருகிறது என்பதே பொருள் என ரசிகர்கள் முடிவுகட்டினார்கள். வார்னர் அலுவலகத்துக்குச் சுமார் 50,000 எதிர்ப்புக் கடிதங்கள் வந்ததாகப் பரவலாகச் சொல்லப்படுகிறது. அவ்வாண்டு நவம்பரில் ‘வால் ஸ்ட்ரீட் ஜர்னல்’ இந்தக் கோபத்தைச் செய்தியாக்கியபோது, ரசிகர்களின் சச்சரவு முதலீட்டாளர்களின் கவலையாக வளர்ந்தது.

ரசிகர்களின் குரலுக்கு அவ்வாண்டு இன்னொரு வகையிலும் எடை கூடியிருந்தது. 1988 செப்டம்பரில் டிசி நிறுவனம், பேட்மேனின் துணையாள் ராபின் (ஜேசன் டாட்) வாழவேண்டுமா சாகவேண்டுமா என்பதைத் தொலைபேசி வாக்கெடுப்புக்கு விட்டது. ஓர் அழைப்புக்குக் கட்டணம் 50 சென்ட். சாகட்டும் என்று 5,343 அழைப்புகளும், வாழட்டும் என்று 5,271 அழைப்புகளும் வந்தன. 72 வாக்கு வித்தியாசத்தில் ராபின் இறந்தான். கதையின் போக்கைத் தீர்மானிக்கும் உரிமை வாசகருக்கு உண்டு என்ற எண்ணத்தை, பதிப்பகமே முன்வந்து ஊட்டியிருந்த காலம் அது.

எதிர்ப்பைத் தணிக்க நிறுவனம் பேச்சை நம்பாமல் காட்சியை நம்பியது. பாத்திரத்தை உருவாக்கியவர்களுள் ஒருவரான பாப் கேன் ஆலோசகராக முன்னிறுத்தப்பட்டார். படப்பிடிப்பு முடியும் முன்பே, கையில் இருந்த காட்சிகளை ஒட்டி, பின்னணி இசைகூடச் சேர்க்காத ஒரு முன்னோட்டத்தைத் தயாரிப்பாளர் ஜான் பீட்டர்ஸ் உருவாக்கி அரங்குகளுக்கு அனுப்பினார். நீலமும் சாம்பலும் கலந்த பழைய துணி உடைக்குப் பதில் கறுப்பு ரப்பர்க் கவசம், புகை சூழ்ந்த காத்தம் நகரம், ஜாக் நிக்கல்சன் நடித்த வில்லன் ஜோக்கர் ஆகியவை அதில் தெரிந்தன. 1966 திரும்பவில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டியிருக்கவில்லை. முழுக் கட்டணம் கொடுத்து வேறொரு படத்துக்குள் நுழைந்து, இந்த முன்னோட்டம் முடிந்ததும் எழுந்து போனவர்கள் உண்டு. அதன் திருட்டுப் பிரதிகள் காமிக்ஸ் மாநாடுகளில் விலைபோயின. பெயரோ நடிகர் முகமோ இல்லாமல் வௌவால் சின்னத்தை மட்டும் தாங்கிய சுவரொட்டிகளைப் பேருந்து நிறுத்தங்களில் இருந்து பிய்த்துக்கொண்டு போனார்கள்.

1989: வெளியீடும் வரவேற்பும்

1989 ஜூன் 23 அன்று வெளியான படம் முதல் வார இறுதியில் அமெரிக்காவிலும் கனடாவிலும் சேர்த்து 4 கோடி டாலருக்கு மேல் ஈட்டியது. ஒரு வாரம் முன்பு ‘கோஸ்ட்பஸ்டர்ஸ் 2’ படைத்திருந்த சாதனை அதில் முறிந்தது. உலகளாவிய மொத்த வசூல் சுமார் 41 கோடி டாலர். பாடகர் பிரின்ஸின் பாடல் தொகுப்பு விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்றது. சட்டை, தொப்பி, பொம்மை என வௌவால் சின்னம் ஊரெங்கும் பரவியது. பொருளாதார நோக்கில் இதை ஆராய்ந்த ஐலீன் மீஹன், படம், இசை, காமிக்ஸ், பொருள் விற்பனை எல்லாம் ஒரே பெருநிறுவனத்தின் கிளைகளுக்கிடையே சுழன்றதைச் சுட்டிக்காட்டினார். மக்களின் ஆர்வம் உண்மையானது. அந்த ஆர்வம் எந்தக் கடைக்குப் போகவேண்டும் என்பதை நிறுவனம் முன்கூட்டியே வகுத்திருந்தது.

விமர்சகர்களிடையே கருத்து பிளவுபட்டது. ரோஜர் எபர்ட் படத்தின் தோற்றத்தைப் பாராட்டிக் கதையைக் குறைகூறினார். காத்தம் நகரத்தை வடிவமைத்த ஆன்டன் ஃபர்ஸ்ட், அரங்க அலங்காரர் பீட்டர் யங் இருவரும் ஆஸ்கர் விருது பெற்றார்கள். ரசிகர்களின் குறைகளோ வேறு திசையில் இருந்தன. பேட்மேனின் பெற்றோரைக் கொன்றவன் காமிக்ஸில் சாதாரணத் தெருக்கொள்ளையன். படத்தில் அவன் இளவயது ஜோக்கராக மாற்றப்பட்டிருந்தான். பணியாளர் ஆல்ஃபிரட், பத்திரிகையாளர் விக்கி வேல் என்பவரை ரகசியக் குகைக்குள் அழைத்துவரும் காட்சி பெரும் எரிச்சலைக் கிளப்பியது. பேட்மேன் கொலைக்கு அஞ்சாததும் கண்டிக்கப்பட்டது. கடிதப் புயலுக்குக் காரணமான கீட்டனின் நடிப்பைப் பற்றி மட்டும் புகார் பெரிதாக எழவில்லை. முன்கூட்டிய எதிர்ப்பு ஒன்றைக் குறிவைக்க, படம் பார்த்தபின் வந்த குறை வேறொன்றைத் தொட்டது. இந்த இடைவெளி பின்னாளிலும் திரும்பத் திரும்ப நிகழ்ந்தது.

1992–1997: இணையத்தின் நுழைவு

‘பேட்மேன் ரிட்டர்ன்ஸ்’ (1992) இருளை மேலும் கூட்டியது. மெக்டொனால்ட்ஸ் உணவுப்பொதியோடு அதன் பொம்மையைப் பெற்ற குழந்தைகளின் பெற்றோர் முறையிட்டார்கள். வசூல் சுமார் 27 கோடி டாலராகக் குறைந்தது. குடும்பங்களை மீட்க, ஜோயல் ஷூமாக்கர் இயக்கத்தில் வண்ணமயமான ‘பேட்மேன் ஃபாரெவர்’ (1995) வந்து வென்றது. அதே வழியில் இன்னும் தூரம் சென்ற ‘பேட்மேன் & ராபின்’ (1997) முதல் வார இறுதியில் சுமார் 4.3 கோடி டாலர் ஈட்டி, இரண்டாம் வாரத்தில் 60 விழுக்காட்டுக்கும் மேல் சரிந்தது. ரசிகர்கள் அஞ்சிய 1966, முப்பது ஆண்டுகள் கழித்து உண்மையிலேயே வந்து சேர்ந்திருந்தது.

இம்முறை ரசிகர்களின் கையில் இணையம் இருந்தது. ‘ஐன்ட் இட் கூல் நியூஸ்’ போன்ற தளங்கள், சோதனைக் காட்சிகளைப் பார்த்தவர்களின் கடுமையான கருத்துகளை வெளியீட்டுக்கு முன்பே பரப்பின. 1988இல் ஒரு கடிதம் போய்ச் சேர்ந்தது நிறுவனத்தின் அஞ்சல் அறைக்கு. 1997இல் அதே கருத்து நேராகப் பார்வையாளரிடம் போனது. பிற்காலத்தில் டிவிடி வெளியீட்டுக்கான நேர்காணலில், ஏமாற்றமடைந்த ரசிகர்களிடம் ஷூமாக்கர் மன்னிப்புக் கேட்டார்.

2005–2008: எதிர்பார்ப்பே விளையாட்டாகிறது

கிறிஸ்டோபர் நோலனின் ‘பேட்மேன் பிகின்ஸ்’ (2005) 1997க்கு அளித்த மறுமொழி. நம்பிக்கை மெல்லத் திரும்பியது. 2006 ஜூலை இறுதியில் அடுத்த படத்தின் ஜோக்கராக ஹீத் லெட்ஜர் அறிவிக்கப்பட்டதும் பழைய கதை திரும்பியது. காதல் படங்களின் அழகன் ஜோக்கராகலாமா என்ற ஏளனம் இணையம் முழுவதும் ஒலித்தது.

இம்முறை நிறுவனம் முன்னோட்டத்துக்காகக் காத்திராமல், ‘42 என்டர்டெயின்மென்ட்’ என்ற நிறுவனம் மூலம் 2007 மே மாதத்திலேயே ஒரு தொடர் விளையாட்டைத் தொடங்கியது. ஹார்வி டென்ட் என்ற பாத்திரத்தின் தேர்தல் சுவரொட்டி முதலில் இணையத்தில் தோன்றியது. பிறகு அதே சுவரொட்டி ஜோக்கர் கிறுக்கியதாக மாறியது. ரசிகர்கள் மின்னஞ்சல் முகவரிகளைப் பதியப் பதிய, சுவரொட்டியின் புள்ளிகள் ஒவ்வொன்றாக அகன்று, அடியில் லெட்ஜரின் வடுப்பட்ட முகம் வெளிப்பட்டது. ஏளனம் செய்தவர்களே அந்த முகத்தைத் தங்கள் கையால் திறந்துவிட்டார்கள். அவ்வாண்டு டிசம்பரில், துப்புகளைப் பின்பற்றிக் குறிப்பிட்ட பேக்கரிகளுக்குப் போனவர்களுக்குக் கேக் ஒன்று கிடைத்தது. அதற்குள் கைப்பேசி இருந்தது. அதே மாதம் படத்தின் முதல் ஆறு நிமிடக் காட்சி ஐமேக்ஸ் அரங்குகளில் காட்டப்பட்டது.

2008 ஜனவரி 22 அன்று லெட்ஜர் காலமானார். ஜூலை 18 அன்று ‘த டார்க் நைட்’ வெளியாகி, முதல் வார இறுதியில் 15.8 கோடி டாலர் என்ற புதிய சாதனையோடு தொடங்கி, உலக அளவில் 100 கோடியைக் கடந்தது. மறைவுக்குப் பின் லெட்ஜருக்குச் சிறந்த துணைநடிகர் ஆஸ்கர் வழங்கப்பட்டது. சிறந்த படத்துக்கான பரிந்துரையில் இது இடம்பெறாதது பரவலான விமர்சனத்துக்கு உள்ளானது. 2009இல் ஆஸ்கர் அகாதெமி பரிந்துரைகளின் எண்ணிக்கையை ஐந்திலிருந்து பத்தாக உயர்த்தியதற்கு இதுவும் ஒரு காரணம் எனப் பலர் கருதுகிறார்கள்.

2012–2023: பிளவும் பழைய நினைவின் வணிகமும்

ஆவல் முற்றினால் என்ன ஆகும் என்பதை 2012 காட்டியது. ‘த டார்க் நைட் ரைசஸ்’ படத்தைக் குறைகூறிய விமர்சகர்களை, படத்தை இன்னும் பார்க்காத ரசிகர்களே மிரட்டினார்கள். ‘ராட்டன் டொமேட்டோஸ்’ தளம் அந்தப் படத்துக்கான கருத்துப் பகுதியை மூட நேர்ந்தது. 2013 ஆகஸ்டில் பேட்மேனாக பென் அஃப்லெக் தேர்வானதற்கு எதிராக இணைய மனுக்கள் குவிந்தன. ‘பேட்மேன் வி சூப்பர்மேன்’ (2016) வந்தபோது, முதல் வார இறுதியில் 16.6 கோடி டாலர் ஈட்டி மறுவாரம் சுமார் 69 விழுக்காடு சரிந்தது. இங்கும் விமர்சனம் விழுந்தது கதையின் மீது. அஃப்லெக்கின் நடிப்பை, படத்தைப் பிடிக்காதவர்களிலும் பலர் ஏற்றார்கள். 2019இல் பேட்மேனாகத் தேர்வான ராபர்ட் பாட்டின்சனுக்கு எழுந்த எதிர்ப்பு சிறியது. 2020 பிப்ரவரியில் சிவப்பு ஒளியில் உடையைக் காட்டிய குறும்படமும், ஆகஸ்டில் வந்த முன்னோட்டமும் அதை அடக்கின. 2022இல் வெளியான ‘த பேட்மேன்’ சுமார் 77 கோடி டாலர் ஈட்டியது.

2023இல் ‘த ஃபிளாஷ்’ படத்தின் விளம்பரம், பேட்மேனாகத் திரும்பி வந்த கீட்டனை முன்னிறுத்தியது. அந்த நினைவின் ஈர்ப்பு படத்தைக் காப்பாற்றவில்லை. உலக வசூல் சுமார் 27 கோடி டாலரில் நின்று, படம் பெருந்தோல்வி கண்டது.

முடிவுரை

கடிதம், இணையதளம், மனு என ரசிகர் எதிர்ப்பின் கருவி மாறியது. அதன் உள்ளடக்கம் மாறவில்லை. ஒவ்வொரு அலையும் முந்தைய பதிப்பின் மீதான தீர்ப்பாகவே எழுந்தது. 1988இன் அச்சம் 1966ஐப் பற்றியது, 2005இன் ஆவல் 1997க்குப் பரிகாரம் தேடியது. நடிகர் தேர்வு குறித்த முன்கணிப்புகளை நான்கு முறையும் படங்கள் மெய்ப்பிக்கவில்லை. மாறியது நிறுவனத்தின் நடைமுறை. பேட்மேனை முதன்முதலில் எப்போது, எந்த ஒளியில், யார் கையால் காட்டுவது என்பது இன்று படப்பிடிப்புக்கு இணையாகத் திட்டமிடப்படுகிறது. ரசிகரின் ஆற்றல் முதல் வார இறுதிவரை செல்லுபடியாகிறது. இரண்டாம் வாரத்தைத் தீர்மானிப்பவர்கள் காமிக்ஸ் படிக்காத பார்வையாளர்களே.