நூற்றவளும் நெய்தவனும்: பத்தொன்பதாம் நூற்றாண்டுக் காஞ்சியில் ஆலைநூல்

இழைக்கும் ஏட்டுக்கும் ‘நூல்’ என ஒரே பெயர் வழங்குகிறது தமிழ். பவணந்தியார் நன்னூற் பாயிரத்துள் இவ்விரண்டையும் உறுப்புக்கு உறுப்பு ஒப்பிட்டுக் காட்டுவார். அவ்வுவமையில் புலவனுக்கு இணையாக நிற்பவள் நூற்கும் பெண். புலவனின் வாய்க்கு அவள் கையும், அவன் மதிக்கு அவள் கதிரும் ஒப்பாகின்றன. நெய்பவனுக்கு அங்கு இடமில்லை. புறநானூற்றிலும் சிறு விளக்கின் ஒளியில் விழித்திருக்கும் பருத்திப் பெண்டு வருகிறாள். இவ்வாறு இலக்கியத்துள் பெருமையோடு இடம்பெற்றவள், பத்தொன்பதாம் நூற்றாண்டில் காஞ்சி வட்டாரத்துத் தொழில் வாழ்விலிருந்து ஓசையின்றி மறைந்துபோனாள். காஞ்சி நெசவைப் பற்றி எழுதுவோர் பல்லவர் காலம் தொட்டுத் தறியின் ஓசையைக் கேட்கின்றனர். ராட்டையின் ஓசை அவர்கள் செவியில் விழுவதில்லை.

அதற்குக் காரணமும் உண்டு. நெய்பவர்க்கு ஆவணச் சான்று மிகுதி. உத்தம சோழனின் சென்னை அருங்காட்சியகச் செப்பேடு, பத்தாம் நூற்றாண்டிலேயே கச்சிப்பேட்டில் நான்கு சேரிகளில் வாழ்ந்த பட்டசாலியர் என்னும் நெசவாளர் ஊரகத் திருமால் கோயிலின் நிருவாகப் பொறுப்பில் இருந்ததைக் கூறுகிறது. தண்டு, சங்கு ஆகிய சிறப்புகளைக் காஞ்சிக் கைக்கோளர் பெற்றிருந்ததை முன்மாதிரியாகக் கொண்டு, பிற ஊர்க் கைக்கோளர்க்கும் அவ்வுரிமை வழங்கப்பட்டதை விசயநகரக் காலக் கல்வெட்டுகள் தெரிவிக்கின்றன. நெசவாளர்க்குத் தெரு இருந்தது, கோயில் உரிமை இருந்தது. வரி விதித்த அரசுகள் தறியை எண்ணி வைத்தன. நூற்றவர்களோ ஊர் ஊராகச் சிதறிக் கிடந்தவர்கள். உழவு வேலை இல்லாத நாளிலும் அடுப்பு அணைந்த பின்னும் நூற்றவர்கள். தொழிலாகவே அது கருதப்படவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காஞ்சி இன்று நாம் எண்ணும் அளவுக்குப் பட்டு நகரமாக இருக்கவில்லை. அக்கால ஆங்கில நிலவியல் நூல்கள், இவ்வூர் நெசவாளர் செந்நிறக் கைக்குட்டையும் தலைப்பாகையும் உள்நாட்டார் உடுக்கும் துணியும் நெய்தனர் என்கின்றன. இவற்றுள் பெரும்பகுதி பருத்தியே. 1800ஆம் ஆண்டு சென்னையிலிருந்து மைசூருக்குப் புறப்பட்ட பிரான்சிஸ் புக்கனன் காஞ்சி வழியாகவே சென்றார். அவர் பெங்களூரில் கண்டு எழுதிய செய்தி ஈண்டு நோக்கத்தக்கது. அங்கு வாரச் சந்தையில் பிராமணர் ஒழிந்த எல்லாச் சாதிப் பெண்டிரும் பஞ்சு வாங்கி நூற்று, வீட்டுக்குப் போக மிஞ்சியதை நெசவாளர்க்கு விற்றனர். ஒரு தறி ஓயாமல் ஓடப் பல பெண்கள் நூற்க வேண்டியிருந்தது. ஆகவே காஞ்சியின் ஒவ்வொரு தறிக்குப் பின்னும் சுற்றுவட்டச் சிற்றூர்களின் பல ராட்டைகள் சுழன்றன என்று கொள்வதில் தவறில்லை.

இந்த ராட்டைகளை நிறுத்தியவை கடல் கடந்த இயந்திரங்கள். ஆர்க்ரைட் 1769இல் நீர்விசை நூற்புப்பொறிக்குக் காப்புரிமை பெற்றார். 1779இல் கிராம்ப்டன் மியூல் பொறியை அமைத்தார். நூறு பவுண்டு பஞ்சை நூற்க இந்தியக் கைந்நூற்பாளர்க்கு 50,000 மணி நேரத்துக்கு மேல் தேவைப்பட்டது என்றும், 1825 அளவில் வந்த தானியங்கி மியூலுக்கு 135 மணி நேர உழைப்பே போதுமாயிற்று என்றும் தொழில்நுட்ப வரலாற்றறிஞர் கணக்கிடுவர். இந்த இடைவெளியை எந்தப் பெண்ணின் விரல் வேகம் கடக்கும்? அவள் கூலி இல்லாமலே நூற்றாலும் பஞ்சின் விலை இருக்கிறதே!

1813இல் கிழக்கிந்தியக் கும்பினியின் இந்திய வணிகத் தனியுரிமை நீங்கியது. அடுத்த ஆண்டுகளில் மான்செஸ்டர் துணி வந்து இறங்கியது யாவரும் அறிந்தது. துணியோடு நூலும் வந்தது. அது குறைவாகவே பேசப்படுகிறது. ஆலைத்துணி நெசவாளனுக்குப் பகை. ஆலைநூலோ அவனுக்கு உதவி: விலை மலிவு, பருமனில் ஏற்றத்தாழ்வு இல்லை, பாவில் அடிக்கடி அறுவதில்லை. அந்நிய நூலைத் தறியில் ஏற்றிய நெசவாளனைக் குறை கூறுவது எளிது. அவன் அதை ஏற்றாதிருந்தால் தறியே மிஞ்சியிருக்காது. ஆயினும் அவன் பிழைத்த அதே செயலால் நூற்றவளின் பிழைப்புப் போயிற்று என்பதையும் மறைத்தல் கூடாது. இங்கிலாந்திலும் இதுவே நிகழ்ந்தது. அங்கும் முதலில் வீழ்ந்தவள் நூற்றவள். மலிந்த நூலால் சில காலம் செழித்த கைத்தறியாளரை அடுத்த தலைமுறையில் விசைத்தறி வீழ்த்தியது.

1856இல் இராயபுரத்திலிருந்து வாலாசா சாலைக்குப் புகைவண்டி ஓடத் தொடங்கியது. 1865இல் அரக்கோணத்திலிருந்து காஞ்சிக்குக் கிளைப்பாதை வந்தது. துறைமுகத்து நூல் பொதி நெசவுத் தெருவுக்கு வெகு அருகில் வந்துவிட்டது. 1870களில் சென்னையில் பக்கிங்காம் ஆலை எழுந்தது. 1885 முதல் ஆர்வி நிறுவனத்தார் பாபநாச அருவி நீரின் விசையால் நூற்றனர். நூல் உள்நாட்டதாயிற்று, நூற்பவள் திரும்பவில்லை. 1871இல் சென்னை மாகாணம் முழுமைக்கும் குடிக்கணக்கு எடுத்தபோது, ஆலைநூல் வரத் தொடங்கி அரை நூற்றாண்டு ஆகியிருந்தது. கரிசல் மாவட்டங்களில் முரட்டுக் கைந்நூல் மேலும் சில காலம் தாக்குப்பிடித்தது என்பர்.

சாயமும் மாறியது. 1856இல் பெர்க்கின் கண்ட ஊதாவும், 1869இல் காப்புரிமை பெற்ற செயற்கைச் செஞ்சாயமும், 1897இல் செருமானிய நிறுவனம் விற்பனைக்குக் கொணர்ந்த செயற்கை அவுரியும் சாயவேர் தோண்டியோரையும் அவுரி விளைத்தோரையும் தேவையற்றவராக்கின. அது தனியே எழுதத்தக்க கதை.

1876-78 பெரும்பஞ்சத்தில் துணி வாங்குவார் இல்லாமற் போயினர். மாகாண அரசு நெசவாளர்க்கு நூல் கொடுத்துத் துணியைத் தானே வாங்கிக்கொள்ளும் நிவாரணத்தை மேற்கொண்டது. அதன் பின்னான ஆண்டுகளில் காஞ்சித் தறிகள் படிப்படியாகப் பட்டின் பக்கம் சாய்ந்தன. கொள்ளேகாலத்திலிருந்தும் மைசூரிலிருந்தும் சீனத்திலிருந்தும் பட்டிழை வந்தது. சூரத்திலிருந்தும் பிரான்சிலிருந்தும் சரிகை வந்தது. இங்கு ஒரு நுட்பம் உண்டு. பருத்தியைப்போல் பட்டு நூற்கப்படுவதில்லை. புழுக்கூட்டிலிருந்து நீண்ட இழையாக இழுத்தெடுக்கப்படுகிறது. ஆகவே காஞ்சி பட்டுக்கு மாறியபோது, நூற்றவள் மீண்டும் வர எஞ்சியிருந்த வழியும் அடைபட்டது.

நெய்பவன் நிலைத்ததற்கு அவன் கைவினையே பெருங்காரணம். காஞ்சிச் சேலையின் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். கோர்வை என்னும் முறையில் ஊடைக்கு மூன்று நாடாக்கள் வேண்டும். நடுநாடா கரையின் எல்லை வரை சென்று, கரையிழையோடு கோத்துக்கொண்டு திரும்பும். ஒவ்வொரு ஊடைக்கும் இப்படியே. தறியின் ஒரு பக்கத்தில் அமர்ந்து கரை நாடாவைத் தள்ள இன்னொருவர் வேண்டும். பெரும்பாலும் அது வீட்டுச் சிறுவனாகவே இருந்தான் என்பதைப் பட்டின் புகழ் பாடுவோர் மறந்துவிடுகின்றனர். ஜான் கே 1733இல் கண்ட பறக்கும் நாடாவை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்பிரட் சாட்டர்டன் சென்னைக் கலைப்பள்ளியிலும் பின்னர்ச் சேலத்திலும் சோதித்துப் பரப்ப முயன்றார். அந்நாடா ஒரு விளிம்பிலிருந்து மறுவிளிம்புக்கு ஒரே வீச்சில் பறப்பது. இடையில் நின்று கரையோடு கோக்க அதற்கு இயலாது. எளிய பருத்தித் துணிக்குப் பெரும்பயன் தந்த அக்கருவி கோர்வைத் தறியின் முன் தோற்றது. இரண்டு நிறத்தின்மேல் மக்கள் கொண்ட ஆசையே காஞ்சிக் குழித்தறிக்கு அரணாயிற்று.

நூற்றவளுக்கு அத்தகைய அரண் வாய்க்கவில்லை. அவள் செய்த இழை நுண்ணியதாயினும் ஆலை அதைச் செய்துவிட்டது. அவள் மறைவு எத்துணை முழுமையானது என்பதற்கு ஒரு சான்று குசராத்திலிருந்து கிடைக்கிறது. 1917-18 அளவில் காந்தியடிகள் கைந்நூற்பை மீட்க விரும்பியபோது ராட்டை எங்கே இருக்கிறது என்றே தேட வேண்டியிருந்தது. நெடுநாள் அலைந்து கங்காபென் மஜும்தார் பரோடா சமத்தானத்து விஜாப்பூரில் அதைக் கண்டுபிடித்தார். பல வீடுகளில் அது பரண்மேல் கிடந்தது.

காஞ்சியில் ராட்டை பரணுக்குப் போகவில்லை. நெசவாளர் இல்லத்துத் திண்ணையில் பட்டுத் தார் சுற்ற அது தங்கிவிட்டது. சுற்றியவர்கள் அவ்வீட்டுப் பெண்களே. முன்பு சிற்றூர்ப் பெண் தன் நூலைச் சந்தையில் விற்றுத் தன் கையில் காசு கண்டாள். தார் சுற்றியவளுக்குத் தனிக் கூலி இல்லை. சேலை ஒன்றுக்கு இவ்வளவு என்று தறிக்குரியவர் பெயரில் எழுதப்பட்ட கணக்கினுள் அவள் உழைப்பும் அடங்கிவிட்டது.