பாடலும் வாசலும்: இரு இளந்தொண்டர்களின் வரலாறு

தொண்டு எங்கிருந்து பிறக்கின்றது என்று வினவப்படும்போது நாம் பெரும்பாலும் போதனையையே சுட்டுகிறோம். ஆயினும் வரலாற்றை நோக்குமிடத்து, இளந்தொண்டர் பலரை முதலில் அசைத்தது அவர்கள் இளமையில் கேட்ட பாடலும், ஆண்டுதோறும் நினைவுகூரப்பட்ட கதையுமே என்பது விளங்கும். ஊழியப் பயிற்சிக்காகக் கடலூர், சிதம்பரம் பகுதிச் சிற்றூர்களுக்குச் செல்லும் இறையியல் மாணவர் இதனைச் சிந்திப்பது நலம். இக்கருத்தை விளக்க, ஏறத்தாழ ஒரே காலத்தில் வாழ்ந்த இருவரை இங்கே எடுத்துக்கொள்வோம். ஒருவர் கொச்சியின் யூதர். மற்றவர் சிதம்பரத்தின் சைவத் துறவி.

முதலில் எபிரேய மரபைக் காண்போம். செங்கடலைக் கடந்த மக்கள் முதலாவது செய்தது பாடியதே என்று யாத்திராகமம் 15-ஆம் அதிகாரம் கூறுகின்றது. பின்னர் உபாகமம் 24-ஆம் அதிகாரம் அந்நினைவைச் சட்டமாக்குகின்றது. எகிப்தில் அடிமையாயிருந்ததை மறவாதவன், தன் வயலில் மறந்துவிட்ட அரிக்கட்டை அந்நியனுக்கும் திக்கற்றவனுக்கும் விதவைக்கும் விட்டுவிடவேண்டும். யூதர் ஈகையைக் குறிக்க வழங்கும் ‘செதாக்கா’ என்னும் சொல், நீதியைக் குறிக்கும் வேரிலிருந்து வந்தது. ஆகவே கொடுப்பது இரக்கச் செயல் மட்டுமன்று, கடமையுமாகும். 12-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த மைமோனிதஸ் என்னும் அறிஞர் ஈகையை எட்டுப் படிகளாக வகுத்து, ஏழையைப் பிறர் கையை எதிர்பாராத நிலைக்கு உயர்த்துவதே தலையாயது என்றார். தொழுகைக் கூடத்தில் தோரா வெறுமனே வாசிக்கப்படுவதில்லை, இசைக்குறிகளுக்கேற்ப ஓதப்படுகிறது. அவ்வாறு ஓத அழைக்கப்படுவது ஒருவன் சபையின் முழு உறுப்பினன் என்பதற்கு அடையாளம்.

கொச்சி மட்டாஞ்சேரியில் 1568-இல் கட்டப்பட்ட பரதேசித் தொழுகைக் கூடத்தில் இவ்வடையாளமே சிலருக்கு மறுக்கப்பட்டது. அடிமைகளின் வழியினர் எனச் சொல்லப்பட்ட ஒரு பிரிவினர் அங்கே ‘மெசுஹ்ராரிம்’ என்று அழைக்கப்பட்டனர். அவ்வெபிரேயச் சொல்லின் பொருள் விடுதலை பெற்றோர் என்பதாகும். ஆனால் விடுதலை பெற்றோர் எனப் பெயர்பெற்ற அவர்களுக்கு உள்ளே இருக்கை இல்லை; தோராவை ஓத அழைப்பும் இல்லை. எகிப்திலிருந்து மீண்ட கதையை ஆண்டுதோறும் பஸ்கா இரவில் சொல்லும் ஒரு சபை, தன் நடுவிலிருந்த விடுதலை பெற்றோரை முகப்பறையில் நிறுத்தியது.

அப்பிரிவில் 1882-இல் பிறந்தவர் ஏ. பி. சேலம். சட்டம் பயின்று வழக்கறிஞரானவர். கொச்சிச் சட்டமன்றத்தில் 1925 முதல் 1931 வரை அமர்ந்தவர். படகுத் தொழிலாளரின் உரிமைக்காகவும் உழைத்தவர். 1929-இல் லாகூர் காங்கிரசுக்குச் சென்று திரும்பியவர், காந்தியடிகளின் அறப்போர் முறையைத் தம் தொழுகைக் கூடத்திற்குள்ளேயே கையாண்டார். அவர் வேறொரு கூடம் கட்டிக்கொண்டு வெளியேறவில்லை. தம் மக்களின் பாடலும் திருநூலும் தமக்கும் உரியன என்று வாசலிலேயே நின்றார். நாளடைவில் இருக்கையும் ஓதும் உரிமையும் படிப்படியாகக் கிடைத்தன. அவரை ‘யூதக் காந்தி’ என்று மக்கள் அழைத்தனர். கொச்சி யூதப் பெண்கள் மலையாளத்தில் பாடிய திருவிழாப் பாடல்களைக் கையெழுத்து ஏடுகளில் எழுதிக் காத்துவந்தனர் என்பதும் இங்கே நினைக்கத்தக்கது. வெவ்வேறு தொழுகைக் கூடங்களைச் சேர்ந்த பெண்களிடையே அப்பாடல்களுட் பல பொதுவாக வழங்கின. ஆடவர் பிரித்த இடத்திலும் பாட்டு பொதுச் சொத்தாக இருந்தது.

இனிச் சிதம்பரத்திற்கு வருவோம். 1890-இல் ஆரணிக்கு அருகில் மேல்புதுப்பாக்கத்தில், ஒடுக்கப்பட்ட குடும்பமொன்றில் முனுசாமி பிறந்தார். திண்டிவனத்துக் கிறிஸ்தவ மிஷன் பள்ளியில் பயின்றும் அவர் கிறிஸ்தவராகவில்லை. வியாசர்பாடி கரபாத்திர சுவாமிகளிடம் சீடராகிச் சகஜானந்தர் என்னும் பெயர் பெற்றார். 1910-ஆம் ஆண்டு, இருபது வயது இளைஞராகச் சிதம்பரம் வந்தார். அவ்வூரில் அவருக்கு முன்னே நின்றது நந்தனாரின் கதை. சேக்கிழார் திருநாளைப்போவாராகப் போற்றிய அவ்வடியாரை, 19-ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியாரின் கீர்த்தனைகள் வீடுதோறும் கொண்டு சேர்த்திருந்தன. அப்பாட்டுக்கு உருகியவர் பலர். ஆனால் நந்தனாரின் மக்களுக்குத் தில்லைக் கோயிலின் வாசல் அடைபட்டே இருந்தது.

சகஜானந்தர் அம்முரண்பாட்டைத் தம் தொண்டின் தொடக்கமாகக் கொண்டார். 1916-இல் நந்தனார் கல்விக் கழகத்தை நிறுவி, ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்குப் பள்ளியும் விடுதியும் அமைத்தார். கதையில் நந்தனார் தீயில் மூழ்கியே உள்ளே செல்கிறார். சகஜானந்தரோ பள்ளிக்கூடத்தின் வழியே தம் மக்களை நடத்தினார். 1926 முதல் சென்னை மாகாணச் சட்டமன்றத்திலும் அவர்களுக்காகப் பேசினார். 1947-இல் சென்னை மாகாண ஆலயப் பிரவேசச் சட்டம் நிறைவேறியது. 1959-இல் அவர் மறைந்தார். சேலம் 1967-இல் மறைந்தார்.

இவ்விருவரும் ஒருவரையொருவர் அறிந்திருந்தனர் என்று நாம் சொல்ல வரவில்லை. இருவர் தொண்டிலும் அமைந்த ஒற்றுமையையே கூறுகிறோம். தம் மரபின் பாடலை அவர்கள் கைவிடவில்லை. பாடலின் பொருளை வாசலில் நிறைவேற்றும்படி பாடுவோரையே கேட்டனர்.

இக்கேள்வி நம் திருச்சபைக்கும் உரியது. சீகன்பால்கு ரூத் வரையில் மொழிபெயர்த்து விட்டுச்சென்ற பழைய ஏற்பாட்டை முடித்து, எபிரேயச் சங்கீதங்களைத் தமிழில் தந்தவர் பெஞ்சமின் சூல்ட்சே. அவர் தொடங்கிய சென்னை மிஷனின் கிளையாகவே 1737-இல் கடலூர் மிஷன் தோன்றியது. 1758-இல் பிரெஞ்சுப் படை கடலூரைக் கைப்பற்றும்வரை கீயர்நாந்தர் அங்கே ஊழியம் செய்தார். இவ்வாறு தாவீதின் பாடல் நம் நாட்டில் வேரூன்றிய காலத்திலேயே, தரங்கம்பாடி, தஞ்சை, வேப்பேரி முதலிய சபைகளில் சாதிக்கொரு புறமாக அமரும் வழக்கமும் வேரூன்றியது. 1833-இல் பேராயர் டேனியல் வில்சன் அதனை ஒழிக்கக் கட்டளையிட்டபோது பலர் சபையை விட்டு விலகினர். அதற்குமுன் 1820-களிலேயே, தமிழ்க் கீர்த்தனைகளை அடக்க முயன்ற மிஷனெரிகளைத் துணிந்து எதிர்த்த வேதநாயக சாஸ்திரியார், சாதி வேறுபாட்டையும் சேர்த்தே காத்து எழுதினார். அவருடைய பாடல்களை நாம் இன்றும் நன்றியுடன் பாடுகிறோம். பாடலை விடுவிக்க வாதாடிய நாவே, பாடுவோரைப் பிரிக்கவும் வாதாடிற்று என்பதை மறைப்பது வரலாற்றுக்கு நேர்மையன்று.

அதே சமயம், திண்டிவனத்தில் நம் பள்ளியில் அமர்ந்த மாணவன் ஒருவன், நம் சபைக்கு வெளியே நின்று விடுதலைப் பணி செய்ததையும் தாழ்மையுடன் ஏற்கவேண்டும். அவன் நம்மவன் ஆகாததை இழப்பாக மட்டும் எண்ணுவோமாயின், தேவன் அவன் வழியாகச் செய்ததைக் காணத் தவறிவிடுவோம்.

ஆதலால் சிற்றூர்ச் சபைக்குச் செல்லும் இளம் ஊழியர் ஒன்றைக் கவனிப்பாராக. அங்கே பாட்டைத் தொடங்குபவர் யார்? திருமறை வாசிக்க அழைக்கப்படுபவர் யார்? பாட்டு முடியும் வரை வாசலிலேயே நிற்பவர் யார்? மீட்பின் பாடலைப் பாடும் சபை, வாசலில் நிற்பவரை உள்ளே அழைத்து அவர் கையில் திருமறையைக் கொடுக்கும்போதே, தான் பாடுவதன் பொருளை அறிந்ததாகும். தொண்டு அவ்விடத்தில் தொடங்கட்டும்.