மின்னணுக் காட்சி அணிகலன்

மின்னணுக் காட்சி அணிகலன் என்பது, தன் நிறத்தையோ உருவத்தையோ மின்னணு முறையில் மாற்றிக் காட்டக்கூடிய காட்சிப்பரப்பைக் கொண்ட அணிகலன் அல்லது கைக்கடிகாரம் ஆகும். பொன், வெள்ளி, மணிக்கற்கள் ஆகியவற்றாலான நகையின் தோற்றம் அது செய்யப்பட்ட நாளிலேயே உறுதியாகிவிடுகிறது. மின்னணுக் காட்சி அணிகலனின் தோற்றத்தை அணிபவர் விரும்பும்போது மாற்றலாம். முகப்பு மாறும் கைக்கடிகாரங்கள், கோலம் மாறும் கைவளைகள், ஒளிரும் மோதிரங்கள், தோடுகள், பதக்கங்கள் ஆகியன இவ்வகையில் அடங்கும்.

வெப்பத்தால் நிறம் மாறும் அணிகலன்கள் இவற்றில் சேரா. 1975இல் ஐக்கிய அமெரிக்காவில் பரவலாக விற்ற "மனநிலை மோதிரம்" இதற்கு எடுத்துக்காட்டாகும். அதிலுள்ள நீர்மப் படிகம் விரலின் வெப்பத்திற்கேற்ப நிறம் மாறும். அதில் மின்சுற்று எதுவும் இல்லை. அது காட்டுவது விரலின் வெப்பநிலையையே அன்றி மனநிலையை அன்று.

வரலாறு

மின் அணிகலன்கள்

மின்சாரத்தை அணிகலனில் பயன்படுத்தும் எண்ணம் 19ஆம் நூற்றாண்டிலேயே தோன்றிவிட்டது. பிரான்சைச் சேர்ந்த குஸ்தாவ் துரூவே என்பவர் 1860களில் சிறிய மின்கலம் ஒன்றை உருவாக்கி, அதனால் இயங்கும் கழுத்துப்பட்டி ஊசிகளை வடிவமைத்தார். சட்டைப்பையில் வைத்த மின்கலத்தை இயக்கினால், ஊசியின் தலையிலிருந்த மண்டையோடு கண்ணை உருட்டித் தாடையை அசைத்தது. ஏறத்தாழ 1867இல் செய்யப்பட்ட இத்தகைய ஊசி ஒன்று இலண்டனிலுள்ள விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ளது. மின்விளக்கு சிறியதாக ஆனபின் ஒளிரும் அணிகளும் வந்தன. 1882இல் இலண்டன் சவாய் அரங்கில் நடந்த "அயோலாந்தி" இசை நாடகத்தில் தேவதை வேடமிட்டவர்கள் தலையில் மின்கலத்தால் எரியும் சிறு விளக்குகளை அணிந்திருந்தனர்.

எண்முறைக் கடிகாரங்கள்

ஒளியுமிழ் இருமுனையம் 1962இல் கண்ணுக்குத் தெரியும் சிவப்பு ஒளியைத் தந்தது. இதனைப் பயன்படுத்தி ஹாமில்ட்டன் நிறுவனம் உருவாக்கிய "பல்சர்" என்ற கைக்கடிகாரம் 1970இல் அறிவிக்கப்பட்டு 1972இல் விற்பனைக்கு வந்தது. 18 காரட் பொற்கூட்டுடன் வந்த அதன் விலை 2,100 அமெரிக்க டாலர். ஒளியுமிழ் இருமுனையம் மிகுந்த மின்சாரத்தை எடுத்துக்கொண்டதால், பொத்தானை அழுத்தினால் மட்டுமே எண்கள் தெரிந்தன. 1976இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனம் 20 டாலர் விலையில் நெகிழிக் கூட்டுடன் கூடிய ஒளியுமிழ் கடிகாரத்தை விற்கத் தொடங்கியது. நான்கே ஆண்டுகளில் செல்வர்களின் அணிகலன் மாணவர்களின் கைக்குக் கிடைத்தது.

இதே காலத்தில் நீர்மப் படிகக் காட்சி வளர்ந்தது. 1973இல் சீக்கோ நிறுவனம் ஆறு இலக்கங்களை இடைவிடாது காட்டும் நீர்மப் படிகக் கடிகாரத்தை வெளியிட்டது. பொத்தானை அழுத்தாமலே மணி தெரிந்ததால், சில ஆண்டுகளில் ஒளியுமிழ் கடிகாரங்கள் சந்தையிலிருந்து பெரும்பாலும் மறைந்தன.

மாறும் முகப்புகள்

2014இல் சோனி நிறுவனத்தார் "பெஸ் வாட்ச்" என்ற கடிகாரத்தை அறிமுகப்படுத்தினர். அதன் முகப்பு மட்டுமன்றிப் பட்டையும் மின்தாளால் ஆனது. முகப்பும் பட்டையும் சேர்ந்து 24 வகைக் கோலங்களைக் காட்டின. 2017இல் வந்த அடுத்த வடிவத்தில், அணிபவர் தம் கைப்பேசியிலுள்ள படத்தையே கோலமாக ஏற்றிக்கொள்ள முடிந்தது. "டாகோ ஆர்க்" என்ற மின்தாள் கைவளையில் மின்கலமே இல்லை. கைப்பேசியை அருகில் வைக்கும்போது கிடைக்கும் சிறிதளவு ஆற்றலைக் கொண்டே அதன் கோலம் மாறும்.

2013இல் "பெபிள்" திறன் கடிகாரமும், 2015 ஏப்ரலில் "ஆப்பிள் வாட்ச்" கடிகாரமும் வெளிவந்தன. இவற்றின் பின் முகப்பை மாற்றுவது கைக்கடிகாரத்தின் இயல்பான பணிகளுள் ஒன்றாயிற்று.

செயற்படும் முறைகள்

நீர்மப் படிகக் காட்சி: குறுக்காக வைக்கப்பட்ட இரு ஒளிமுனைவாக்கித் தகடுகளுக்கிடையே நீர்மப் படிகத்தின் மெல்லிய படலம் இருக்கும். அதன் மூலக்கூறுகள் ஒரு தகட்டிலிருந்து மறு தகடு வரை 90 பாகை முறுக்கிய நிலையில் அடுக்கப்பட்டிருக்கும். ஒளியும் அம்முறுக்கைப் பின்பற்றித் திரும்பி இரண்டாம் தகட்டைக் கடந்து செல்லும். மின்னழுத்தம் கொடுத்தால் முறுக்கு அவிழ்ந்துவிடும். அப்போது ஒளி தடுக்கப்பட்டு அவ்விடம் கருமையாகத் தெரியும். இக்காட்சி தானே ஒளிர்வதில்லை. அதனாலேயே ஒரு சிறு பொத்தான் மின்கலம் பல ஆண்டுகள் போதுமானதாகிறது.

ஒளியுமிழ் இருமுனையம்: சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று நிற ஒளிகளை வெவ்வேறு அளவில் கலந்து எண்ணற்ற நிறங்களைப் பெறலாம். இதற்குத் தேவையான பிரகாசமான நீல ஒளி 1990களில்தான் கிடைத்தது. அக்கண்டுபிடிப்பிற்காக மூன்று அறிவியலாளர்களுக்கு 2014ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

கரிம ஒளியுமிழ் இருமுனையம்: இதில் ஒவ்வொரு படப்புள்ளியும் தனித்தனியே ஒளிரும். கருமையாக இருக்கவேண்டிய புள்ளி முற்றிலும் அணைந்திருக்கும். இன்றைய திறன் கடிகாரங்கள் பலவற்றில் உள்ளது இவ்வகையே. பொதுவாக ஒரு நாள் முதல் சில நாட்களுக்கு ஒருமுறை இவற்றிற்கு மின்னேற்றம் செய்யவேண்டும்.

மின்தாள்: முடியின் பருமனை ஒத்த நுண்ணிய குமிழ்களுக்குள் வெள்ளை, கறுப்புத் துகள்கள் எதிரெதிர் மின்னூட்டத்துடன் மிதக்கும். மின்புலத்தின் திசைக்கேற்ப ஏதேனும் ஒரு நிறத் துகள்கள் மேலே வரும். கோலத்தை மாற்றும்போது மட்டுமே மின்சாரம் தேவைப்படும். மின்சாரம் நின்றபின்னும் கோலம் அப்படியே நிற்கும். வெயிலில் நன்றாகத் தெரியும், ஆனால் இருளில் தெரியாது.

இந்தியாவில்

இந்திய அரசின் எச். எம். டி. நிறுவனம் 1961இல் சப்பானின் சிட்டிசன் நிறுவனத்துடன் இணைந்து பெங்களூரில் கைக்கடிகாரத் தொழிற்சாலையைத் தொடங்கியது. சாவி கொடுத்து இயக்கும் கடிகாரங்களால் பெயர்பெற்ற இந்நிறுவனம் குவார்ட்சு கடிகாரங்களின் போட்டியைத் தாங்க இயலாது நலிந்தது. அதன் கடிகாரப் பிரிவை மூட 2016இல் நடுவண் அரசு ஒப்புதல் அளித்தது.

நீர்மப் படிக ஆய்வில் இந்தியாவிற்குக் குறிப்பிடத்தக்க இடம் உண்டு. சர் சி. வி. இராமனின் சகோதரி மகனான சி. சந்திரசேகர் (1930–2004) பெங்களூர் இராமன் ஆய்வுக் கழகத்தில் பணியாற்றியபோது, 1977இல் தம் குழுவினருடன் வட்டு வடிவ மூலக்கூறுகளாலும் நீர்மப் படிகம் அமையும் என்று கண்டறிந்தார். அதுவரை கோல் வடிவ மூலக்கூறுகளே இப்பண்பைக் காட்டும் எனக் கருதப்பட்டு வந்தது. 1991இல் இவர் பெங்களூரில் நீர்மப் படிக ஆய்வு மையத்தை நிறுவினார். நோபல் பரிசு பெற்ற வானியற்பியலாளர் சுப்பிரமணியன் சந்திரசேகர் வேறொருவர். அவரும் இராமனின் உறவினரே.

தமிழ்நாட்டில்

தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் டாட்டா குழுமமும் இணைந்து 1984இல் டைட்டன் நிறுவனத்தைத் தொடங்கின. அதன் தொழிற்சாலை அப்போதைய தருமபுரி மாவட்டத்திலிருந்த ஓசூரில் அமைந்தது. 2004 முதல் ஓசூர் கிருட்டிணகிரி மாவட்டத்தில் உள்ளது. டாட்டா, தமிழ்நாடு ஆகிய இரு பெயர்களின் ஆங்கில எழுத்துக்களிலிருந்தே டைட்டன் என்ற பெயர் அமைக்கப்பட்டது. நிறுவனத்தின் பங்குகளில் நான்கில் ஒன்றிற்கும் மேற்பட்டவை தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகத்திடம் உள்ளன. ஆதலால் இத்தொழிலின் ஏற்ற இறக்கம் தமிழக அரசின் வருவாயோடும் தொடர்புடையது.

டைட்டன் தொடக்கத்திலிருந்தே குவார்ட்சு கடிகாரங்களில் கவனம் செலுத்தியது. ஓசூரிலேயே தனிஷ்க் பொன் நகைகளின் ஆக்கமும் நடைபெற்றது. இவ்வாறு கடிகாரமும் நகையும் ஒரே ஊரில், ஒரே நிறுவனத்தில் உருவாயின. 2016இல் டைட்டன் ஹெச். பி. நிறுவனத்துடன் இணைந்து "ஜக்ஸ்ட்" என்ற திறன் கடிகாரத்தை வெளியிட்டது. அதில் முட்கள் உள்ள வழக்கமான முகப்பும் சிறிய மின்னணுக் காட்சியும் சேர்ந்திருந்தன. 2020இல் ஐதராபாத்தைச் சேர்ந்த "ஹக் இன்னொவேசன்ஸ்" என்ற அணிகருவி நிறுவனத்தை டைட்டன் வாங்கியது.

விலை குறைந்த ஒளிரும் மோதிரங்கள், வளையல்கள், சிறுவர் கைக்கடிகாரங்கள் ஆகியன பெரும்பாலும் திருவிழாக் கடைகளிலும் விளையாட்டுப் பொருள் கடைகளிலும் விற்கப்படுகின்றன. தேர்த் திருவிழாக்கள் மிகுந்த பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களும் இதற்கு விலக்கல்ல. இப்பொருட்களில் பலவற்றில் செய்தவரின் பெயரோ மின்கலத்தின் வகையோ குறிக்கப்பட்டிருப்பதில்லை.

மதிப்பும் ஆயுளும்

தமிழகக் குடும்பங்களில் நகை அழகுப் பொருளாக மட்டும் கருதப்படுவதில்லை. அது சேமிப்புமாகும். அவசரக் காலத்தில் அடகு வைக்கலாம், பழையதை அழித்துப் புதியது செய்யலாம். மின்னணுக் காட்சி அணிகலனுக்கு இத்தகைய மதிப்பு இல்லை. மின்கலமும் காட்சிப்பரப்பும் தேய்வன. மென்பொருளுக்கு நிறுவனத்தின் ஆதரவு நின்றுவிட்டால் நன்கு இயங்கும் கருவியும் பயனற்றுப் போகலாம்.

2015இல் ஆப்பிள் நிறுவனம் 18 காரட் பொற்கூட்டுடன் கூடிய கடிகாரத்தை 10,000 டாலருக்கும் மேற்பட்ட விலையில் விற்றது. 2018இல் வெளியான புதிய இயக்கு மென்பொருள் அம்முதல் தலைமுறைக் கடிகாரங்களில் இயங்கவில்லை. இன்று அதில் எஞ்சியிருக்கும் மதிப்பு பெரும்பாலும் பொன்னின் மதிப்பும் பழம்பொருள் சேகரிப்போர் தரும் விலையுமே ஆகும்.

இந்தியாவில் பொன் நகைகளுக்கு ஹால்மார்க் முத்திரை 2021 சூன் 16 முதல் படிப்படியாகக் கட்டாயமாக்கப்பட்டது. பொற்கூட்டுக் கைக்கடிகாரங்களுக்கு இக்கட்டாயத்திலிருந்து விலக்கு அளிக்கப்பட்டுள்ளது. எனவே பொற்கடிகாரம் வாங்குவோர் பொன்னின் தூய்மையையும் எடையையும் பட்டியலில் எழுதி வாங்குதல் நன்று.

பாதுகாப்பு

இவ்வகை அணிகலன்களில் மிகவும் கவனிக்க வேண்டியது பொத்தான் மின்கலம் ஆகும். குழந்தைகள் இதனை விழுங்கிவிடக்கூடும். சிறு வில்லையாக இருப்பதால் இது ஆபத்தற்றதாகத் தோன்றும். ஆயினும் உணவுக்குழாயில் சிக்கிக்கொண்டால், ஈரமான தசையின் வழியே மின்னோட்டம் பாய்ந்து மின்கலத்தின் எதிர்முனையருகே கடுங்காரம் உருவாகிறது. அக்காரம் தசையை அரித்துவிடும். 20 மில்லிமீட்டர் விட்டமுள்ள இலித்தியம் மின்கலங்கள் மிகவும் தீங்கானவை. இரண்டு மணி நேரத்திற்குள்ளேயே கடும் புண் உண்டாகலாம். கடிகாரத்தை இயக்க இயலாத அளவு தீர்ந்துபோன மின்கலத்திலும் இத்தீங்கை விளைவிக்கும் மின்னழுத்தம் எஞ்சியிருக்கலாம்.

தொடக்கத்தில் குழந்தையிடம் எந்த அறிகுறியும் தெரியாமலிருக்கலாம். எச்சில் வடிதல், உணவை மறுத்தல், இருமல், நெஞ்சுவலி ஆகியன தோன்றலாம். விழுங்கியதாக ஐயம் எழுந்தாலே உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசென்று ஊடுகதிர்ப்படம் எடுக்கவேண்டும். வாந்தி எடுக்கச் செய்தல் கூடாது. ஓராண்டு நிறைந்த குழந்தையாயின், விழுங்கி 12 மணி நேரம் கடக்காதபோது வழியில் சிறிது சிறிதாகத் தேன் கொடுக்கலாம் என ஐக்கிய அமெரிக்காவின் நச்சு முறிவு மையம் பரிந்துரைக்கிறது. தேன் அரிப்பைச் சற்றுத் தாமதப்படுத்துமே அன்றி மருத்துவம் ஆகாது. தேன் தேடி நேரத்தை இழத்தலும் கூடாது. ஓராண்டு நிறையாத குழந்தைக்குத் தேன் கொடுக்கலாகாது.

தொலைவிலுள்ள சிற்றூர்களில் இந்த இரண்டு மணி நேரம் மிகக் குறுகியது. பெரம்பலூரில் மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனை உள்ளது. அரியலூரில் 2022 சனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. திருச்சிராப்பள்ளியின் பெரிய மருத்துவமனைகளை அடைய இவ்விரு ஊர்களிலிருந்தும் 50 கிலோமீட்டருக்கு மேல் செல்லவேண்டும். இத்தகைய நேரங்களில் 108 அவசர ஊர்தியை அழைக்கலாம்.

சிறுவருக்கான ஒளிரும் பொருளை வாங்கும்போது, மின்கல மூடி திருகாணியால் இறுக்கப்பட்டுள்ளதா எனப் பார்த்தல் வேண்டும். ஐக்கிய அமெரிக்காவில் 2022இல் இயற்றப்பட்ட "இரீசு சட்டம்" இத்தகைய மூடிகளைக் கட்டாயமாக்க வழிசெய்தது. மின்கலம் விழுங்கி உயிரிழந்த ஒன்றரை வயதுக் குழந்தையின் பெயரே அச்சட்டத்திற்குச் சூட்டப்பட்டுள்ளது.

மின்னணுக் கழிவு

தீர்ந்த மின்கலங்களை வீட்டுக் குப்பையுடன் சேர்த்தல் கூடாது. எரித்தல் அதனினும் தீங்கானது. இந்தியாவில் 2022ஆம் ஆண்டின் மின்கலக் கழிவு மேலாண்மை விதிகளும், 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த மின்னணுக் கழிவு விதிகளும், பயன்படுத்தித் தீர்ந்தவற்றைச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பை உற்பத்தியாளர் மீது சுமத்துகின்றன. செய்தவர் பெயரில்லாத திருவிழாப் பொருட்களில் இப்பொறுப்பை யாரிடம் கேட்பது என்பது தெளிவற்றதாகிவிடுகிறது. அத்தகைய பொருளின் மின்கலத்தைக் கழற்றி, ஒட்டுநாடாவால் சுற்றி, குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைத்து, பின்னர் கடிகாரம் பழுதுபார்ப்பவரிடமோ மின்னணுக் கழிவு சேகரிப்போரிடமோ கொடுத்தல் நலம்.

இவற்றையும் பார்க்க

நீர்மப் படிகம்
ஒளியுமிழ் இருமுனையம்
மின்தாள்
குவார்ட்சு கடிகாரம்
ஓசூர்
மின்னணுக் கழிவு