‘ஒண்ணும் பண்ணாதுங்க, சும்மா வாங்க!’ - வளர்ப்பு நாயை எங்கெல்லாம் கூட்டிட்டு போகக் கூடாது? சட்டம் என்ன சொல்கிறது?

‘ஒண்ணும் பண்ணாதுங்க, சும்மா வாங்க.’ நாய் வளர்ப்பவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது சொல்லியிருக்கும் வாசகம் இது. எதிரே ஒதுங்கி நிற்பவர்கள் ஒருமுறையும் நம்பாத வாசகமும் இதுதான்.

வேலூர் கோட்டை, காட்பாடி பிளாட்பாரம், ஆம்பூர் பிரியாணிக் கடை வாசல், ஏலகிரி மலைப் பாதை என எங்கு போனாலும் செல்ல நாயோடு வருபவர்களைப் பார்க்கலாம். ‘பொது இடம்தானே, யார் வேணா வரலாமே’ என்று ஓனர் கேட்கிறார். ‘பொது இடம்னா எனக்கும் சேர்த்துத்தானே’ என்று மற்றவர் கேட்கிறார். இதில் யார் பக்கம் சட்டம் இருக்கிறது? இடத்துக்கு இடம் பதில் மாறும். ஆனால் நாய் யாரையாவது தாக்கினால் பொறுப்பு யாருக்கு என்பது மட்டும் எங்கேயும் மாறாது.

வெளியே கூட்டிட்டு போறது உரிமையா, கடமையா?

கடமை! பலருக்கும் தெரியாத விஷயம் இது. 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆவது பிரிவு, எந்நேரமும் சங்கிலியில் கட்டியோ அடைத்தோ வைத்திருக்கும் நாய்க்குப் போதிய நடை, ஓட்டம் கிடைக்கச் செய்யாமல் விடுவதையும் கொடுமை என்றே சொல்கிறது. (முதல் முறை குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரைதான். பல பத்தாண்டுகளுக்கு முன் எழுதிய தொகை, இன்னும் அப்படியே இருக்கிறது!) அதனால் ‘நாயை வீட்டோட வெச்சுக்க வேண்டியதுதானே’ என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்வது சட்டப்படி சரியான யோசனை இல்லை.

இந்திய விலங்குகள் நல வாரியம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் ஓனர்கள் பக்கம்தான் நிற்கிறது. குடியிருப்போர் சங்கம் தீர்மானம் போட்டு நாய் வளர்ப்பதைத் தடை செய்ய முடியாது, லிஃப்டில் ஏறக் கூடாது என்றும் சொல்ல முடியாது என்கிறது அது. அதே வழிகாட்டுதல், பொது இடத்தில் கயிறு அவசியம், நாய் அசுத்தம் செய்தால் ஓனர் சுத்தம் செய்ய வேண்டும் என்றும் சொல்கிறது. முதல் பாதியை மட்டும் பிரிண்ட் எடுத்து வைத்துக்கொள்பவர்கள்தான் அதிகம்.

நுங்கம்பாக்கம் பூங்காவில் என்ன நடந்தது?

தமிழ்நாட்டில் இந்தப் பேச்சு சூடுபிடித்தது 2024 மே 5ஆம் தேதி இரவுக்குப் பிறகு. சென்னை நுங்கம்பாக்கம் மாடல் ஸ்கூல் சாலையில் உள்ள மாநகராட்சிப் பூங்காவில் 5 வயதுச் சிறுமியை இரண்டு ராட்வீலர் நாய்கள் கடித்துக் குதறின. சிறுமியின் அப்பா அந்தப் பூங்காவின் காவலாளி. குடும்பமே பூங்காவுக்குள்தான் தங்கியிருந்தது. மகளைக் காப்பாற்றப் போன தாயும் காயமடைந்தார். தலையில் பலத்த காயத்தோடு சிறுமி மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு அறுவை சிகிச்சை செய்யப்பட்டது. நாய்களின் உரிமையாளர் கைது செய்யப்பட்டார்.

இது தெருநாய் பிரச்சனை இல்லை. வீட்டில் சோறு போட்டு, பெயர் வைத்து வளர்த்த நாய்கள். கயிறும் இல்லை, வாய்மூடியும் இல்லை. நாய்களின் ஓனருக்கு அந்தப் பூங்கா இரவில் காலாற நடக்கிற இடம். அந்தக் குழந்தைக்கு அதுதான் வீடு. பொது இடம் என்று நாம் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிற இடத்தில் யார் யாரெல்லாம் இருப்பார்கள் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

அதன் பிறகு சென்னை மாநகராட்சி, பூங்காவுக்கு நாயைக் கூட்டி வருபவர்களுக்குக் கயிறும் வாய்மூடியும் கட்டாயம், ஒருவர் ஒரு நேரத்தில் ஒரு நாயைத்தான் கொண்டுவர வேண்டும் என்று அறிவித்தது. அதோடு முடியவில்லை. 2025 ஆகஸ்டில் ஜாபர்கான்பேட்டையில் பிட்புல் தாக்கி ஒருவர் உயிரிழந்தார். நாயை நடைக்குக் கூட்டிப்போன பெண்ணுக்கும் காயம். பிடித்திருந்தவராலேயே அடக்க முடியவில்லை என்பதுதான் அந்தச் சம்பவத்தில் கவனிக்க வேண்டியது. அந்த ஆண்டு டிசம்பரில், பிட்புல், ராட்வீலர் இரண்டுக்கும் புதிதாக உரிமம் கிடையாது, மீறி வாங்கி வளர்த்தால் 1 லட்சம் ரூபாய் அபராதம் என்று சென்னை மாமன்றத்தில் தீர்மானம் வந்தது.

மத்திய அரசு 2024 மார்ச்சில் 23 வகை நாய்களுக்குத் தடை விதிக்கச் சொன்னதே, அது என்ன ஆச்சு என்று கேட்கலாம். அந்தச் சுற்றறிக்கையை ஏப்ரலில் கர்நாடக உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. நுங்கம்பாக்கம் சம்பவத்தையடுத்துத் தமிழக அரசு வெளியிட்ட தடை உத்தரவும் உடனே திரும்பப் பெறப்பட்டது.

அப்போ வேலூர், ஆம்பூருக்கு?

சென்னை மாநகராட்சியின் தீர்மானம் சென்னைக்கு மட்டும்தான். வேலூர் மாநகராட்சியிலோ ஆம்பூர் நகராட்சியிலோ வசிப்பவர்கள் உரிமம், கட்டணம் பற்றி அந்தந்த அலுவலகத்தில்தான் கேட்க வேண்டும். ஆனால் எல்லா ஊருக்கும் பொதுவான ஒரு பிரிவு இருக்கிறது. அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 291. தன் வசமுள்ள விலங்கால் மனித உயிருக்கு ஆபத்தோ கொடுங்காயமோ வராமல் தடுக்கப் போதுமான நடவடிக்கையைத் தெரிந்தோ அலட்சியத்தாலோ எடுக்காமல் விட்டால் 6 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் இது 289ஆவது பிரிவு. அப்போது அபராதம் 1,000 ரூபாய்தான்.

இந்தப் பிரிவை நிதானமாகப் படித்தால் ஒன்று புரியும். நாய் கடித்திருக்க வேண்டும் என்று அதில் இல்லை. கடிக்காமல் தடுக்க நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதுதான் கேள்வி. ‘இதுவரைக்கும் யாரையும் கடிச்சதில்லை சார்’ என்பது அந்தக் கேள்விக்குப் பதில் ஆகாது.

வேலூர் கோட்டைக்குள் நாயோடு வாக்கிங் போகலாமா?

கூடாது. இதைச் சொன்னால் பலர் ஆச்சரியப்படுவார்கள். வேலூர் கோட்டை, இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள நினைவுச் சின்னம். அப்படிப்பட்ட இடங்களுக்கான 1959ஆம் ஆண்டு விதிகளில் 8ஆவது விதி, பராமரிப்பு வேலையைத் தவிர வேறு எதற்காகவும் விலங்கு எதையும் உள்ளே கொண்டுவரக் கூடாது என்கிறது. நாய், குதிரை, ஆடு என்று பிரித்துச் சொல்லவில்லை. எந்த விலங்கும் கூடாது.

‘கோட்டைக்குள்ள தெருநாயே சுத்துதே, என் நாய் மட்டும் என்ன பண்ணுச்சு’ என்று கேட்பவர்கள் உண்டு. தெருநாய் சுற்றுவதால்தான் உங்கள் நாய்க்கு அது இன்னும் ஆபத்தான இடம். தன் எல்லைக்குள் புது நாய் வந்தால் தெருநாய்க் கூட்டம் சும்மா விடாது. இரண்டும் கட்டிப் புரளும்போது நடுவில் மாட்டுவது கயிற்றைப் பிடித்திருக்கும் கைதான். நாய்ச் சண்டையை விலக்கப் போய்க் கடி வாங்கியவர்கள் எந்த ஊர் அரசு மருத்துவமனையிலும் இருப்பார்கள்.

கோயில், பள்ளிவாசல் தெரு, பிரியாணிக் கடை

கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயில் உட்பட எந்தக் கோயிலுக்குள்ளும் செல்லப் பிராணிகளைக் கொண்டுபோவது வழக்கமில்லை. பைரவருக்கு வாகனமே நாய்தானே என்று வாதம் செய்யலாம், வாசலில் இருப்பவர் ஒப்புக்கொள்ள மாட்டார். 2022 மே மாதம் கேதார்நாத்துக்கு ஒருவர் தன் ஹஸ்கி நாயைக் கூட்டிப்போய் நந்தி சிலையை அதன் பாதத்தால் தொடவைத்த வீடியோ நாடு முழுக்கச் சுற்றியது. கோயில் கமிட்டி போலீஸ் வரை போனது.

ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் பக்கம் இருப்பவர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். ஒளு செய்துவிட்டுத் தொழுகைக்குப் போகிறவரின் உடையில் நாயின் எச்சில் பட்டால், அதைக் கழுவாமல் அவர் தொழப் போக முடியாது. அவர் உங்கள் நாயைப் பார்த்து ஒதுங்கினால் அது பயமோ வெறுப்போ இல்லாமல்கூட இருக்கலாம், நேரமாகிறது என்ற அவசரமாக இருக்கலாம். பாங்கு சொல்லும் நேரத்தில் அந்தத் தெருவைத் தவிர்த்து அடுத்த தெருவில் நடந்தால் இருவருக்கும் நிம்மதி.

ஹோட்டலைப் பொறுத்தவரை, சமைக்கிற, பரிமாற எடுத்து வைக்கிற இடத்துக்குள் விலங்கு வரக் கூடாது என்பது அடிப்படைச் சுகாதாரம். சாப்பிடும் ஹாலுக்குள் விடுவதா வேண்டாமா என்பது கடைக்காரரின் முடிவு. அவர் வேண்டாம் என்றால் பார்சல் வாங்கிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். ஒரு சின்ன எச்சரிக்கை: பிரியாணி எலும்பை அங்கேயே நாய்க்குப் போடாதீர்கள். வெந்த எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து தொண்டையிலும் குடலிலும் குத்தும்.

மருத்துவமனையைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஆபரேஷன் முடிந்தவர்களும் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களும் வந்துபோகிற இடம். பள்ளி, மருத்துவமனை, பஸ் ஸ்டாண்ட், ரயில் நிலையம், விளையாட்டு வளாகம் ஆகியவற்றிலிருந்து தெருநாய்களை அகற்றச் சொல்லி 2025 நவம்பர் 7ஆம் தேதி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அது வளர்ப்பு நாய்க்கான உத்தரவு இல்லை. ஆனாலும் கேட்டில் நிற்கும் செக்யூரிட்டி இரண்டையும் பிரித்துப் பார்த்துக்கொண்டிருப்பார் என்று எதிர்பார்க்காதீர்கள்.

ரயிலில் எப்படி?

சென்னை - பெங்களூரு தடத்தில் இருக்கும் காட்பாடி, ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. ஏசி முதல் வகுப்பில் இரண்டு பெர்த் கூப்பே அல்லது நான்கு பெர்த் கேபின் முழுவதையும் உங்கள் பெயரிலேயே புக் செய்தால் நாயை உடன் வைத்துக்கொள்ளலாம். ஏசி இரண்டாம், மூன்றாம் வகுப்பு, ஸ்லீப்பர், சேர் கார், பொதுப்பெட்டி எதிலும் அனுமதி இல்லை. பகலில் இந்தத் தடத்தில் ஓடும் ரயில்கள் பெரும்பாலும் சேர் கார் என்பதால் பகல் பயணத்துக்கு அந்த வழி கிட்டத்தட்ட அடைபட்டதுதான்.

இன்னொரு வழி, பார்சல் ஆபீஸில் புக் செய்து கார்டு பெட்டியில் உள்ள நாய்க் கூண்டில் அனுப்புவது. தடுப்பூசிச் சான்று வேண்டும், முன்கூட்டியே போக வேண்டும். சில நிமிடமே ரயில் நிற்கும் சின்ன ஸ்டேஷன்களில் இது சிரமம். தவிர, கோடையில் அந்தக் கூண்டில் நாய் படும் பாட்டை யோசித்தால் வாடகைக் காரே தேவலை என்று தோன்றும்.

நாய்க்கே ஆகாத இடங்கள்

மனிதர்களுக்கு இடைஞ்சல் என்பதைத்தான் இதுவரை பார்த்தோம். நாயின் பக்கமிருந்தும் பார்க்க வேண்டும். வேலூர் வெயில் எப்படி என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. மே மாதப் பகலில் தார் ரோட்டில் உங்கள் புறங்கையை 5 விநாடி வைத்துப் பாருங்கள். உங்களால் வைக்க முடியாவிட்டால் நாயின் பாதமும் அங்கே வெந்துபோகும். நிறுத்திய காருக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டு நாயை விட்டுப் போவது அதைவிட மோசம், நிமிடக் கணக்கில் உயிர் போகும்.

குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா மாதிரியான கூட்டத்துக்கும் நாயைக் கூட்டிப்போவது வேண்டவே வேண்டாம். மேளம், பட்டாசு, ஆயிரக்கணக்கான கால்கள். வீட்டில் எவ்வளவு சாதுவான நாயும் மிரண்டால் முதலில் ஓடப் பார்க்கும், ஓட வழியில்லை என்றால் கடிக்கும். தோல் தொழில் நடக்கும் ஊரில் பெல்ட் பற்றிச் சொல்லத் தேவையில்லை, இருந்தாலும்: கழுத்துப் பட்டைக்கும் கழுத்துக்கும் இடையே இரண்டு விரல் போகிற அளவுதான் இடைவெளி இருக்க வேண்டும். அதற்கு மேல் தளர்வாக இருந்தால் மிரண்ட நாய் பின்னால் இழுத்துத் தலையை உருவிக்கொண்டு போய்விடும்.

மைதானத்தை மறக்க முடியாது. 2022இல் டெல்லி தியாகராஜ் ஸ்டேடியத்தில், ஐஏஎஸ் அதிகாரி சஞ்சீவ் கிர்வார் நாயோடு நடப்பதற்காக வீரர்கள் மாலை 7 மணிக்கே வெளியேற்றப்படுகிறார்கள் என்று செய்தி வந்தது. வீரர்களை வெளியேறச் சொல்லவில்லை என்று அவர் மறுத்தார். ஆனாலும் அன்று மாலையே அவர் லடாக்குக்கும், ஐஏஎஸ் அதிகாரியான அவர் மனைவி அருணாச்சலப் பிரதேசத்துக்கும் மாற்றப்பட்டார்கள். நாய் எங்கே போகும் என்று அப்போது எக்கச்சக்க மீம்ஸ். கடி இல்லை, காயம் இல்லை. தங்கள் இடம் பறிபோனது என்ற புகார் மட்டும்தான்.

கடித்துவிட்டால்?

வளர்ப்பு நாய்தானே, ஊசி போட்டிருக்குதானே என்று விட்டுவிடாதீர்கள். சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், மிளகாய்ப்பொடி, காபித்தூள் எதுவும் வைக்கக் கூடாது. உடனே அரசு மருத்துவமனைக்குப் போனால் ரேபிஸ் தடுப்பூசி இலவசம். தோலில் போடும் முறையில் முதல் நாள், 3, 7, 28 என நாலு தவணை. ரத்தம் வரும்படியான கடி என்றால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தும் போட வேண்டியிருக்கும். ரேபிஸ் அறிகுறி தெரிய ஆரம்பித்த பிறகு பிழைப்பது கிட்டத்தட்ட முடியாத காரியம்.

ஓனரோடு ரோட்டில் நின்று சண்டை போடுவதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். அவரிடம் முதலில் வாங்க வேண்டியது மூன்று: பெயர், போன் நம்பர், நாயின் தடுப்பூசி அட்டையின் போட்டோ. கடித்த நாளிலிருந்து 10 நாளைக்கு அந்த நாய் எப்படி இருக்கிறது என்று டாக்டர் கேட்பார். நாயைக் கட்டிவைத்துக் கவனித்து, சாப்பிடுகிறதா, சோர்ந்து கிடக்கிறதா என்று தினமும் சொல்ல வேண்டியது ஓனரின் வேலை.