ஒரு மிட்டாயும் 15 நிமிடமும்

மூணு வருஷத்துக்கு முன்னால் என் மகளுக்கு நானே ஒரு பரீட்சை வைத்தேன். அப்போது அவளுக்கு நாலு வயசு. தட்டில் ஒரு கடலை மிட்டாயை வைத்து, "அப்பா திரும்பி வர்ற வரைக்கும் சாப்பிடாம இருந்தா ரெண்டா தருவேன்" என்று சொல்லிவிட்டுப் பக்கத்து அறைக்குப் போனேன். கதவைச் சாத்துவதற்குள் 'கடக்' என்று கடிக்கிற சத்தம் கேட்டது.

சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. காத்திருக்கத் தெரிந்த குழந்தைதான் பின்னாளில் ஜெயிக்கும் என்று சுயமுன்னேற்றப் புத்தகங்களில் அத்தனை முறை படித்திருந்தேன். அந்தப் பயத்தில்தான் மூலக் கட்டுரைகளைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். கிடைத்தது, நான் கேள்விப்பட்ட கதையே இல்லை.

இந்தச் சோதனையை உருவாக்கியவர் வால்டர் மிஷெல். 1930இல் வியன்னாவில் பிறந்து, ஆஸ்திரியாவை நாஜிகள் பிடித்த 1938இல் குடும்பத்தோடு தப்பி அமெரிக்கா போனவர். 1960களின் கடைசியில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் பிங் நர்சரிப் பள்ளியில் இந்த ஆய்வுகளைத் தொடங்கினார். மேஜையில் மார்ஷ்மெல்லோ என்கிற மிட்டாயோ பிஸ்கட்டோ இருக்கும். ஆய்வாளர் தானாகத் திரும்பி வரும்வரை காத்திருந்தால் கூடுதலாகக் கிடைக்கும். முடியவில்லை என்றால் மணியை அடிக்கலாம். ஆய்வாளர் உடனே வருவார், ஆனால் குறைவாகத்தான் கிடைக்கும். அதிகபட்சம் 15 நிமிடம்தான்.

இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். எந்தக் குழந்தை நல்ல குழந்தை என்று தரம் பிரிப்பது மிஷெலின் நோக்கமே இல்லை. காத்திருக்கும்போது மனசுக்குள் என்ன நடக்கிறது என்பதுதான் அவர் கேள்வி. 1970இல் எப்பெசனோடு சேர்ந்து அவர் வெளியிட்ட ஆய்வில், தின்பண்டங்கள் கண்ணெதிரே இருந்தபோது குழந்தைகள் சராசரியாக ஒரு நிமிடம்தான் தாக்குப்பிடித்தார்கள். மறைத்து வைத்தபோது 11 நிமிடத்துக்கு மேல். பின்னால் செய்த ஆய்வுகளில், மிட்டாயை மேகமாக நினைத்துக்கொள் என்று சொல்லிக்கொடுத்ததும் குழந்தைகள் கூடுதல் நேரம் காத்திருந்தார்கள். அப்படின்னா பொறுமை என்பது பிறவிக் குணம் மட்டும் இல்லை. பாதி சூழ்நிலை, பாதி கற்றுக்கொள்ளக்கூடிய உத்தி.

அப்புறம் எப்படி இது ஜாதகம் மாதிரி ஆனது? மிஷெலின் மூன்று மகள்களும் அதே பள்ளியில் படித்தவர்கள். பழைய நண்பர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று அவர்களிடம் சும்மா விசாரித்தபோதுதான், காத்திருந்த பிள்ளைகள் நன்றாகப் படிப்பதுபோல் அவருக்குத் தோன்றியது. முறையாகப் பின்தொடர்ந்து 1990இல் வெளியிட்ட கட்டுரையில், காத்திருந்த நேரத்துக்கும் கல்லூரி நுழைவுத்தேர்வு மதிப்பெண்ணுக்கும் வலுவான தொடர்பு தெரிந்தது. ஆனால் அந்தக் கணக்கில் இருந்தவர்கள் வெறும் 35 பேர். 1995இல் டேனியல் கோல்மனின் 'உணர்வுசார் நுண்ணறிவு' பற்றிய புத்தகம் இதை உலகமெங்கும் கொண்டுபோனது. அந்த 35 என்ற எண் வழியிலேயே எங்கோ தொலைந்துவிட்டது.

2018இல் வாட்ஸ், டங்கன், குவான் மூவரும் சுமார் 900 குழந்தைகளின் தரவில் இதைத் திரும்பச் சோதித்தார்கள். தொடர்பு இருந்தது, ஆனால் பழைய ஆய்வில் பாதி அளவுதான். குடும்பப் பின்னணி, சின்ன வயதுத் திறன்கள், வீட்டுச் சூழல் ஆகியவற்றைக் கணக்கில் சேர்த்ததும் அதிலும் மூன்றில் இரண்டு பங்கு காணாமல் போனது.

என்னைத் தூங்கவிடாமல் செய்தது 2013இல் ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஆய்வு. முதலில் குழந்தைகளிடம், "பொறு, நல்ல கிரேயான்கள் கொண்டுவர்றேன்" என்று ஒருவர் வாக்குக் கொடுத்தார். பாதிப் பேருக்குக் கொண்டுவந்தார். மீதிப் பேரிடம், "மன்னிச்சுக்கோ, இல்லை" என்று கையை விரித்தார். அதற்குப் பிறகுதான் மிட்டாய்ச் சோதனை. வாக்குக் காப்பாற்றப்பட்ட பிள்ளைகள் சராசரியாக 12 நிமிடம் காத்திருந்தார்கள். ஏமாந்தவர்கள் 3 நிமிடம். மொத்தம் 28 குழந்தைகள்தான், இதையும் வேதவாக்காக எடுக்கக் கூடாது. ஆனால் தர்க்கம் எளிமையானது: சொன்னதைச் செய்யாத ஆளுக்காக ஏன் காத்திருக்கணும்? அந்தப் பிள்ளைகள் சரியாகத்தான் கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

இதைப் படித்தபோது அந்தக் கடலை மிட்டாய் வாரம் ஞாபகம் வந்தது. அதற்கு முந்தைய இரண்டு ஞாயிற்றுக்கிழமையும் கடற்கரைக்குக் கூட்டிப்போவதாகச் சொல்லிவிட்டு, ரெண்டு தடவையும் லேப்டாப்போடு உட்கார்ந்துவிட்டேன். "அடுத்த வாரம் கண்டிப்பா" என்று வேறு சொல்லியிருந்தேன். அவள் அன்றைக்கு உடனே கடித்ததற்கு அதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. நாலு வயசுப் பிள்ளை, பிடித்த மிட்டாய், அவ்வளவுதானாகவும் இருக்கலாம். ஆனால் பரீட்சை வைக்க எனக்கு என்ன தகுதி இருந்தது என்ற கேள்வி மட்டும் இன்னும் போகவில்லை.

மனமுதிர்ச்சி பற்றி நிறையப் படிக்கிறோம், பிள்ளைகளிடம் அதை எதிர்பார்க்கவும் செய்கிறோம். என் வீட்டில் அது இப்போது ஒரு சின்னப் பழக்கமாக மாறியிருக்கிறது. செய்ய முடியும் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டுமே மகளிடம் நாள் குறித்துச் சொல்கிறேன். சந்தேகம் இருந்தால், "தெரியலைம்மா" என்கிறேன். முதலில் முகம் சுருங்கும். இப்போதெல்லாம், "சரிப்பா, தெரிஞ்சதும் சொல்லு" என்று விளையாடப் போய்விடுகிறாள்.